ஸ்டீம் டெக்கில் ரெமினா: விளையாட்டுக் கருவியில் டேலி ஓட்டினால் எப்படி இருக்கும்?

கடையில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து திறந்து வேலை பார்க்க ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி போதுமா என்று கேட்டால், போதும் என்பேன். அதில் ரெமினா என்ற இலவச ரிமோட் டெஸ்க்டாப் செயலியைப் போட்டு, கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளை ஓட்டுகிறேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஓட ஆரம்பிப்பதற்குள் ஒருவழி பண்ணிவிடும். அந்தத் தொல்லையில் முக்கால்வாசிக்கு டெக்கும் காரணமில்லை, ரெமினாவும் காரணமில்லை. மறுமுனைக் கம்ப்யூட்டரை வைத்திருக்கும் விதமும், நடுவில் இருக்கும் இணையமும்தான் காரணம். இது புரியாமல் கையில் இருக்கும் கருவியிலேயே எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கருவியைப் பற்றிக் கொஞ்சமும், இணைப்பு நின்றுபோகும் இடங்களைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

நான் கரூரில் ஜவுளி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறேன். பெட்ஷீட், திரைச்சீலை, சமையலறைத் துண்டு என்று ஏற்றுமதி செய்கிற சின்னச் சின்ன நிறுவனங்கள். எல்லோரிடமும் டேலி இருக்கிறது. மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய நாள் நான் எங்கே இருந்தாலும் போன் வரும். கல்யாண மண்டபத்துக்கு லேப்டாப் பையோடு போனால் வீட்டில் முறைக்கிறார்கள். போனிலும் ரிமோட் டெஸ்க்டாப் செயலி உண்டு. ஆனால் விரலால் தடவித் தடவி டேலி ஓட்டுவது தண்டனை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் புது ஸ்டீம் டெக் வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டான். 64 ஜிபி உள்ள முதல் மாடல். அவனுக்கு ஒரு பெரிய விளையாட்டுக்குக்கூட இடம் பத்தவில்லையாம். எனக்கு இடம் சும்மா கிடக்கிறது.

கருவி 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. 7 அங்குலத் திரை, 1280க்கு 800 புள்ளிகள், 16 ஜிபி நினைவகம், எடை 669 கிராம். இருபுறமும் சதுரமான டச்பேடு ஒவ்வொன்று, பின்பக்கம் நான்கு பொத்தான்கள். உள்ளே ஓடுவது ஸ்டீம்ஓஎஸ். ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் டெஸ்க்டாப்புக்கு மாறலாம் என்று இருக்கும். மாறினால் கேடிஇ பிளாஸ்மா என்ற முழுமையான லினக்ஸ் டெஸ்க்டாப் வந்துவிடும். விளையாட்டுக் கருவி என்ற வேஷம் அங்கேயே கலைந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இதன் சிஸ்டம் பகுதி வாசிக்க மட்டுமே. எழுத முடியாதபடி பூட்டியிருக்கும். பூட்டைத் திறந்து, ஆர்ச் லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவியான பேக்மேன் வழியாக எதையாவது நிறுவினாலும், அடுத்த பெரிய அப்டேட்டில் அது அடித்துக்கொண்டு போய்விடும். பழைய லினக்ஸ் பழக்கத்தில் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். டிஸ்கவர் என்ற செயலிக் கடையைத் திறந்து ரெமினா என்று தேடினால் பிளாட்பேக்காக, அதாவது சிஸ்டம் பகுதியைத் தொடாமல் தனியே நிற்கும் பொதியாக, கிடைக்கும். அதைப் போடுங்கள், போதும். அப்டேட் வந்தாலும் அது இருந்த இடத்தில் இருக்கும்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் பேசும் மொழிக்கு ஆர்டிபி என்று பெயர். ரெமினா தானாக ஆர்டிபி பேசுவதில்லை. ஃப்ரீஆர்டிபி என்ற நூலகத்தை வைத்துப் பேசுகிறது. ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய செயலியிலிருந்து 2009இல் பிரிந்து வளர்ந்த திட்டம் அது. இதைச் சொல்லக் காரணம், பிழைச் செய்தியை இணையத்தில் தேடும்போது ரெமினாவின் பெயரோடு மட்டும் தேடாமல் ஃப்ரீஆர்டிபி பெயரோடும் தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும். கேடிஇயின் சொந்தச் செயலியான கேஆர்டிசியும் இருக்கிறது. எளிமையானது, ஆனால் திருகிப் பார்க்க அமைப்புகள் குறைவு. எனக்கு ரெமினாவே பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெயர் கொடுத்து வரிசையாக வைத்துக்கொள்ளலாம், இரண்டு கடைகளை இரண்டு டேபில் திறக்கலாம்.

சரி, இணைப்பு. ரெமினாவில் முகவரியைக் கொடுத்து அழுத்துகிறீர்கள். சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இணைக்க முடியவில்லை என்கிறது. இந்த மௌனம்தான் மிகவும் ஏமாற்றும். விண்டோஸின் ஃபயர்வால் வாசலில் ஆள் நிற்பது தெரிந்தும் குரல் கொடுக்காத வீட்டுக்காரர் மாதிரி. கம்ப்யூட்டர் தூங்கினாலும், ரிமோட் டெஸ்க்டாப் அணைந்திருந்தாலும், முகவரி மாறியிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மௌனம்தான். இருக்கிறாயா என்று கேட்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்த்துப் பதில் வரவில்லை என்றாலும் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிங்குக்குப் பதில் சொல்லாதபடியும் விண்டோஸ் இருக்கக்கூடும். ஆகவே இந்தக் கட்டத்தில் டெக்கை நோண்டுவது வீண். கடைக்குப் போன் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் ஒருவரை உட்காரவைப்பதே குறுக்குவழி.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அது விண்டோஸ் ஹோமா, புரோவா என்பது. ஹோம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குப் போகலாமே தவிர, ஹோம் பதிப்புக்குள் ஆர்டிபி வழியாக யாரும் நுழைய முடியாது. கம்ப்யூட்டர் விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. அடுத்தது தூக்கம்: பவர் அமைப்பில் ஸ்லீப் என்பதை ஒருபோதும் வேண்டாம் என்று வைக்க வேண்டும். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பிரச்சினை, இரவு கடை சாத்தும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போவது. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள். கம்ப்யூட்டரின் பயாஸில், மின்சாரம் திரும்பி வந்ததும் தானாக எழுந்துகொள்ளும்படி ஓர் அமைப்பு இருக்கும். அதை வைத்துவிட்டால், காலையில் கடை திறந்து மெயின் போட்டதுமே நான் உள்ளே போய்விடலாம். கணக்குப் பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முகவரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் பெயரைக் கொடுத்தால் சில இடத்தில் வேலை செய்யும், சில இடத்தில் செய்யாது. ஐபி முகவரியைக் கொடுப்பதே நிம்மதி. அந்த முகவரி மாறாமல் இருக்க ரூட்டரில் அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது கட்டம்: கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பெரும்பாலும் பாஸ்வேர்டு அல்ல, பின். விண்டோஸில் காலையில் தட்டுகிற அந்த நான்கு இலக்கம் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். ஆர்டிபியில் அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்கள் அந்தக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டைத் தர வேண்டும். அதுவும் ஒருமுறையாவது அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டு நுழைந்திருக்க வேண்டும். பின் மட்டுமே பழகிய கம்ப்யூட்டருக்கு அந்தப் பாஸ்வேர்டு சரியா தவறா என்றே தெரியாமல் இருக்கும். இன்னொரு வகைக் கடைகள் உண்டு: பாஸ்வேர்டே கிடையாது, எந்த விசையைத் தட்டினாலும் திறக்கும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு விண்டோஸ் இயல்பாகவே அனுமதிக்காது.

இதற்கெல்லாம் நான் கடைப்பிடிக்கும் வழி, அந்தக் கம்ப்யூட்டரிலேயே எனக்கென்று ஒரு தனிப் பயனரை உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, ரிமோட் டெஸ்க்டாப் பயனர் பட்டியலில் சேர்ப்பது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் வம்பே வேண்டாம். ரெமினாவில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு, டொமைன் என்ற கட்டத்தை வெறுமையாக விடுகிறேன்; மக்கர் செய்தால் அதில் கம்ப்யூட்டரின் பெயரைப் போடுகிறேன். உள்ளே விடவில்லை என்பதற்காக விண்டோஸ் பக்கம் நெட்வொர்க் நிலைச் சரிபார்ப்பை, அதாவது இணைப்பைத் திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் என்எல்ஏவை, எடுத்துவிடச் சொல்லி யூடியூபில் நிறையப் பேர் அறிவுரை சொல்கிறார்கள். கேட்காதீர்கள். ரெமினாவுக்கு என்எல்ஏ நன்றாகவே தெரியும். அதை எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

நுழையும்போது சான்றிதழை ஏற்கிறீர்களா என்று ரெமினா கேட்கும். முதல்முறை எல்லோரும் ஆமாம் என்பார்கள். சில மாதம் கழித்து, சான்றிதழ் மாறிவிட்டது என்று எச்சரிக்கை வரும்போதுதான் பயம் வரும். விண்டோஸ் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் ஆறு மாதம்தான். முடிந்தால் புதிதாக எழுதிக்கொள்ளும். ஆறு மாதக் கணக்கு ஒத்துவந்தால் ஏற்றுக்கொள்ளலாம். நேற்று ஏற்றதை இன்று மறுபடியும் மாறிவிட்டது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, கறுப்புத் திரை. லாகின் ஆகிவிடும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. இங்கேதான் ஆட்கள் மூளை குழம்பிப்போகிறார்கள், ஏனென்றால் இதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் உண்டு. பிரித்தறிய ஒரே சோதனை போதும்: அதே இணைப்பைக் கடையின் வைஃபையிலேயே உட்கார்ந்து முயன்று பாருங்கள். அங்கேயும் கறுப்பாக இருந்தால் படத்தை அனுப்பும் முறையில் பிரச்சினை. ரெமினாவில் நிற ஆழம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தானாகத் தேர்வு, ஜிஎஃப்எக்ஸ் வகைகள், ரிமோட்எஃப்எக்ஸ், 32 பிட், 16 பிட் என்று நீளும். 16 பிட்டுக்கு இறக்கினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிப் பார்த்து எது நிற்கிறதோ அதில் விட்டுவிடலாம். டேலிக்கு 16 பிட்டே தாராளம். அங்கே இருப்பது எண்ணும் கோடும்தானே!

கடைக்குள் படம் வருகிறது, வெளியே வந்தால் கறுப்பு என்றால் அது வேறு கதை. அதற்கு முதலில் வெளியிலிருந்து எப்படிப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 என்ற வாசலை ரூட்டரில் நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது பழைய வழக்கம். இன்று அது தற்கொலைக்குச் சமம். 2019இல் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையும் அளவுக்கு அது மோசமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் கைவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அவசரமாக ஒட்டு வெளியிட்டார்கள். ஓட்டை இல்லாவிட்டாலும் திறந்த 3389ஐ நாள் முழுக்க யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பகுதியில் அதைத் திறக்க நினைத்தாலும் முடியாது என்பது ஒருவகையில் நல்லதுதான். இங்கே ஃபைபர் தரும் நிறுவனம் கடைகளுக்குத் தனிப் பொது முகவரி தருவதில்லை, பலருக்கும் சேர்த்து ஒரே முகவரி. தனியாக வேண்டுமென்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் வேறு வேறு விலை சொன்னார்கள், வேலை மட்டும் நடக்கவில்லை.

ஆகவே ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதில் வயர்கார்டு என்ற விபிஎன்னை வைத்தேன். கடைக் கம்ப்யூட்டரும் அங்கே வருகிறது, டெக்கும் அங்கே வருகிறது, நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. டெக்கில் இதற்காக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. கேடிஇயின் நெட்வொர்க் அமைப்பிலேயே புதிய இணைப்பு என்று போட்டால் வயர்கார்டு வரும். வைஃபை பாஸ்வேர்டுகளைப் போலவே இதுவும் சேமிக்கப்படுவதால் சிஸ்டம் அப்டேட்டில் போய்விடுவதில்லை. கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் மறக்காமல் கீப்அலைவ் என்பதை 25 விநாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் நடுவில் இருக்கும் ரூட்டர்கள் அந்தப் பாதையை மறந்துவிடும். காலையில் வேலை செய்தது மதியம் செய்யவில்லை என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இப்போது அந்தக் கறுப்புத் திரை. போனின் ஹாட்ஸ்பாட்டில் போகும்போது, சின்னச் சின்னப் பொட்டலங்கள் போய்விடும். அதனால் லாகின் முடிந்துவிடும். படம் பெரிய பொட்டலங்களில் வரும். அவை நடுவழியில் சத்தமில்லாமல் தொலைந்துவிடும். வயர்கார்டு இயல்பாக வைத்துக்கொள்ளும் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1420 பைட். மொபைல் நெட்வொர்க்கில் அதற்கு இடம் இல்லாமல் போவதுண்டு. இரு முனையிலும் 1280க்கு இறக்கினால் படம் டக்கென்று வந்துவிடும். இதில் ரெமினாவின் நிற ஆழத்தை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோசனமில்லை. 16 பிட்டில் சில சமயம் பாதித் திரை வந்து நிற்கும், அது இன்னும் குழப்பும்.

உள்ளே போயாகிவிட்டது. அடுத்த நிமிடம் கடையில் பில் போடும் பெண்ணிடமிருந்து போன்: "அக்கா, பில் போட்டுட்டு இருந்தேனுங்க, திடீர்னு ஸ்கிரீன் பூட்டிக்கிச்சுங்க!" இது பழுதல்ல. விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம்; நான் வந்தால் அவள் வெளியே. அவள் பாஸ்வேர்டு போட்டுத் திரும்ப நுழைந்தால் நான் வெளியே. தனிப் பயனர் வைத்திருப்பதில் இங்கேயும் ஒரு நன்மை: நான் வரும்போது அவளிடம் அனுமதி கேட்டு ஒரு கட்டம் வரும், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒரே நேரத்தில் இருவரும் வேலை செய்ய வேண்டுமானால் விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமங்களும் வாங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் குட்டி நிரல்களைச் சிலர் போட்டுத் தருகிறார்கள்; உரிம விதிக்குப் புறம்பானது, ஏற்றுமதி நிறுவனத்துக்கு அந்த வம்பு எதற்கு? அவளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால் ஆர்டிபியை விட்டுவிட்டு, இருவரும் ஒரே திரையைப் பார்க்கும்படியான பகிர்வுச் செயலிக்குப் போய்விடுகிறேன்.

இனி கையில் பிடித்து ஓட்டுவது. இங்கே டெக் என்னை ஆச்சரியப்படுத்தியது. டேலி மவுஸுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள் இல்லை. அம்புக்குறி, என்டர், எஸ்கேப் இந்த மூன்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும். டெக்கின் டெஸ்க்டாப் அமைப்பில் இடப்பக்கத் திசைப் பொத்தான் அம்புக்குறிகள், ஏ பொத்தான் என்டர், பி பொத்தான் எஸ்கேப். அதாவது கட்டைவிரல் இரண்டும் இருந்த இடத்தைவிட்டு நகராமல் பேரேட்டை மேலும் கீழும் ஓட்டி, உள்ளே புகுந்து, வெளியே வரலாம். வலப்பக்க டச்பேடு மவுஸ், வலது மேல்முனையில் இருக்கும் ஆர்2 விசை கிளிக். ஸ்டீம் செயலியை மூடிவிட்டால் மட்டும் பொத்தான்களுக்கு நாமே விசை ஒதுக்கும் வசதி போய்விடும், பின்னணியில் ஓடவிடுங்கள்.

சிக்கல் எஃப் விசைகளில். தேதிக்கு எஃப்2, ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று டேலிக்காரர்களின் விரலில் ஊறியவை. ஸ்டீம் பொத்தானோடு எக்ஸை அழுத்தினால் வரும் திரை விசைப்பலகை பாஸ்வேர்டு தட்ட மட்டுமே லாயக்கு. திரையின் கீழ்ப்பாதியையும் அது மறைத்துவிடும். எனவே ஸ்டீம் அமைப்பில் போய்ப் பின்பக்கப் பொத்தான்களுக்கு விசைகளை ஒதுக்கினேன்: எல்4க்கு எஃப்2, எல்5க்கு எஃப்8, ஆர்4க்கு கன்ட்ரோலும் ஏயும் சேர்த்து, ஆர்5க்கு ஆல்ட்டும் எஃப்2ம் சேர்த்து.

இந்தக் கடைசி ஒன்றுதான் ரொம்ப வேடிக்கை. டேலியில் ஆல்ட் எஃப்2 என்றால் காலத்தை மாற்றுவது. ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று போடுவது. கேடிஇயிலும் ஆல்ட் எஃப்2வுக்கு வேலை உண்டு: கேரன்னர் என்ற தேடல் பட்டை மேலே வந்து நிற்கும். நீங்கள் தேதியைத் தட்டத் தட்ட, லினக்ஸ் அதை ஏதோ கூட்டல் கழித்தல் கணக்கு என்று நினைத்து விடை சொல்லும்! ரெமினாவின் கருவிப்பட்டையில் எல்லா விசைகளையும் பிடித்துக்கொள் என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் விசைகள் நேராக மறுமுனைக்குப் போகும். அது போதாவிட்டால் கேடிஇயின் குறுக்குவிசை அமைப்பில் கேரன்னருக்கு உள்ள ஆல்ட் எஃப்2வை எடுத்துவிடுங்கள். ஆல்ட் டேபுக்கும் இதே கதைதான்.

எழுத்து சிறியதாக இருக்கும் என்று பயந்தேன். 7 அங்குலத்தில் 1280 புள்ளி அகலம் என்றால் விண்டோஸ் எழுத்து எறும்பு சைஸில்தான் வரும். ரிமோட்டில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸின் ஸ்கேலிங்கை, அதாவது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, மாற்றவும் அது விடாது. ரெமினாவில் தனி அளவாக 1024க்கு 640 என்று கொடுத்து, அளவுக்கேற்ப நீட்டும் முறையை வைத்தேன். திரையின் விகிதம் அதேதான், ஆகவே ஓரத்தில் கறுப்புப் பட்டை வராது. எழுத்து சற்றே மங்கல், ஆனால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

தமிழ் தட்டச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு: டெக்கில் தமிழ் விசைப்பலகை போட்டு ரெமினாவுக்குள் தட்டினால் வராது. ஆர்டிபி அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை. எந்த எழுத்து என்பதை அல்ல. விண்டோஸ் பக்கம் தமிழ்99ஐச் சேர்த்துக்கொண்டு அங்கேயே மாற்றித் தட்ட வேண்டும். நகலெடுத்து ஒட்டினால் தமிழ் ஒழுங்காகவே போய்ச் சேருகிறது.

பேட்டரி பற்றிக் குறையில்லை. 2 முதல் 8 மணி நேரம் என்று தயாரிப்பாளர்களே அகலமாகச் சொல்கிறார்கள். டேலித் திரையைக் காட்டுவது இதற்கு ஒரு வேலையே இல்லை என்பதால் எனக்கு மேல் முனையை ஒட்டித்தான் வருகிறது. பவர் பொத்தானைத் தட்டித் தூங்கவைத்தால் இணைப்பு அறுந்துவிடும், ஆனால் மறுமுனையில் டேலி திறந்தபடியேதான் இருக்கும். எழுப்பி மறுபடி இணைத்தால் விட்ட வவுச்சரிலிருந்து தொடரலாம். வைஃபையில் கர்சர் இழுத்து இழுத்து நகர்ந்தால், விளையாட்டு முறையில் டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து வைஃபை மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள்; பேட்டரியைக் கொஞ்சம் தின்னும், கர்சர் கையோடு வரும்.

விலைக்கு வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளலாமா என்றால், ஏற்கெனவே சின்ன லேப்டாப் இருப்பவர்கள் வாங்காதீர்கள். இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இறக்குமதிக் கடைகளில் விலை தாறுமாறாக இருக்கிறது, பழுதானால் அனுப்ப இடமில்லை. என்னைப்போல வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 64 ஜிபியே இதற்கு அதிகம், ஓஎல்இடி மாடலெல்லாம் இதற்கு வேண்டாம். கூடவே ஒரு ப்ளூடூத் விசைப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப் வரிசை நேராக வேலை செய்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் எஃப்2 வரும் வகையறா வேண்டாம். விசைப்பலகை வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: வலப்பக்கக் கன்ட்ரோலை ரெமினா தன் சொந்த வேலைக்கு எடுத்துவைத்திருக்கும். வலப்பக்கக் கன்ட்ரோலோடு ஏ அழுத்தி வவுச்சர் சேமிக்கும் பழக்கம் உள்ளவர்கள், விருப்பங்களில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் அதை வேறு விசைக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.